ஆற்றைக் கடந்தால் வேறு பெயர்: யானைகளின் பின்னால் ஆறு நாள்

முதல் நாள்: விக்டோரியா ஃபால்ஸ், ஜிம்பாப்வே

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே முதல் யானையைப் பார்த்துவிட்டேன். சாலையோரத்தில் ஒரு வயதான களிறு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. மாமா வண்டியை நிறுத்தவில்லை. "இன்னும் நிறையப் பார்ப்பாய் கண்ணு, முதலில் போய்ச் சாப்பிடலாம்" என்றார். அவர் போட்ஸ்வானாவில் கணித ஆசிரியர். பள்ளி விடுமுறையை எனக்காக ஒதுக்கிக்கொண்டு தன் பிக்கப் வண்டியில் எல்லை தாண்டி வந்திருந்தார்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகு முற்றும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கிவிடும். அப்பா மூன்று மாதம் பரணில்தான் தூங்குவார். எங்கள் ஊரில் யானையைக் கும்பிடுகிற கையும் பட்டாசு கொளுத்துகிற கையும் ஒன்றுதான். "ஆப்பிரிக்காவில் யானையைச் சுட அனுமதிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறார்களாமே, யாருக்கு, எந்த யானைக்கு?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம் நாட்டுச் சட்டம் மட்டும் தெரியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட யானையையோ மீள முடியாத நோய், ஊனத்தில் கிடக்கும் யானையையோ தவிர வேறு எதையும் கொல்ல அனுமதி கிடையாது. அந்த அனுமதியையும் மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் தர வேண்டும். பயிரைத் தின்றது என்பது காரணமாகாது.

இங்கே எங்களை ஊர் சுற்றிக் காட்டிய டாக்சி ஓட்டுநர் முன்பு வேட்டை முகாம்களில் தடம் பார்ப்பவராக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் கேட்க வந்ததைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் விரலால் கோடு போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

சுடப்படும் யானைகள் காகிதத்தில் நான்கு விதம் என்றார். முதலாவது டிராபி களிறு. சுட்டவர் கொம்பைத் தன் நாட்டுக்கு எடுத்துப் போகலாம். விலை மிக அதிகம். இரண்டாவதும் களிறுதான், ஆனால் ஏற்றுமதிக்கு அனுமதி இல்லாதது. சுடுவதோடு சரி, கொம்பு நாட்டிலேயே தங்கிவிடும். மூன்றாவது கொம்பில்லாப் பிடி. நான்காவது தொல்லை விலங்கு, அதாவது பயிரையோ ஆளையோ தாக்கியதாக அறிவிக்கப்பட்ட யானை. நான்கில் எதைச் சுடுவதானாலும் துப்பாக்கிக்கு ஒரே அளவுதான்: குண்டின் விட்டம் குறைந்தது 9.2 மில்லிமீட்டர், குழலை விட்டு வெளிப்படும்போது அதன் ஆற்றல் குறைந்தது 5.3 கிலோஜூல். வெளிநாட்டவர் தானாகப் போய்ச் சுட்டுவிட முடியாது. உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த உரிமத்துக்காக எழுத்துத் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, கடைசியில் காட்டிலேயே ஒரு வாரச் சோதனை என்று ஜிம்பாப்வேயில் படுத்தி எடுத்துவிடுவார்கள். வேட்டை முடிந்ததும் என்ன சுடப்பட்டது என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த நான்கில் மூன்றாவது எனக்குப் புரியவே இல்லை. கொம்பில்லாப் பிடி என்று தனியாக ஒரு வகை எதற்கு? நம் காட்டில் பிடிக்கு ஏது கொம்பு? கொம்பில்லாத களிறுக்குத்தான் நாம் மக்னா என்று தனிப்பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கோ என் கேள்வி புரியவில்லை. மாமா நடுவில் புகுந்து விளக்கினார். ஆப்பிரிக்க யானையில் ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. கொம்பில்லாமல் பிறப்பதுதான் விதிவிலக்கு, அப்படிப் பிறப்பவை அநேகமாக எல்லாமே பிடிகள்.

ஓட்டுநர் சொன்ன ஒரு விஷயத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். கொம்பில்லாப் பிடியைத் தேடிப் போகும்போது தலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாதாம். ஒற்றைக் கொம்பு உள்ள பிடியும் உண்டு. மறுபக்கத்தில் ஒரு சாண் கொம்பு இருந்துவிட்டால் அது வேறு கணக்கு, சீட்டில் இல்லாத யானை. அதனால் கூட்டத்தைச் சுற்றிவந்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கீழே குட்டி நிற்கிறதா, மடி கனத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் முப்பது நாற்பது அடி தூரத்தில், தாய்களும் சித்திகளுமாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே, காற்று திரும்புவதற்குள் செய்ய வேண்டும். "டிராபி களிறு தனியாக நிற்கும், மெதுவாக நடக்கும். விலை குறைந்த வேட்டையில்தான் என் நண்பர்கள் செத்தார்கள்" என்றார்.

ஜிம்பாப்வே ஆண்டுக்கு 500 யானைகளின் கொம்பை, அதாவது 1,000 கொம்புகளை, டிராபியாக வெளியே அனுப்பலாம் என்பது அழிவாபத்து உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையில் பதிவான ஒதுக்கீடு. தொல்லை விலங்கு அந்தக் கணக்கில் வராது. அதன் கொம்பு அரசுக்கு, கறி ஊருக்கு. டிராபி வேட்டையில் வரும் பணத்தைக் கிராமங்களோடு பகிர்வதற்காக 1989இல் கேம்ப்ஃபயர் என்ற திட்டம் தொடங்கியது. 2007இல் திருத்திய விதிப்படி யானை நடமாடும் கிராமத்துக்கு 55 விழுக்காடு சேர வேண்டும். ஓட்டுநரின் சொந்த ஊரும் அப்படிப்பட்டதுதான். பணம் வந்ததா என்று கேட்டேன். ஒரு வருடம் அரவை மில் வந்தது, பிறகு பல வருடம் தாமதம், காரணம் சொல்ல ஆளில்லை என்றார். அப்பாவின் பயிர்ச்சேத மனுக்கள் நினைவுக்கு வந்தன.

இரண்டாம் நாள்: கசானே, போட்ஸ்வானா

விக்டோரியா ஃபால்ஸிலிருந்து கசங்குலா எல்லை எழுபது கிலோமீட்டர். போட்ஸ்வானா பக்கம் நுழையும்போது செருப்பை மருந்து நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்கிறார்கள். வண்டிச் சக்கரத்துக்கும் மருந்துக் குளியல். எல்லாம் மாட்டுக்கு வரும் கோமாரி நோய்க்குப் பயந்துதான். யானைக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை. போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என நான்கு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும் இடம் இது. யானைகள் தினமும் கடக்கின்றன.

அங்கோலாவையும் சேர்த்து ஐந்து நாடுகள் கூடி 2022இல் விமானத்திலிருந்து எண்ணியபோது இந்தப் பரப்பில் ஏறத்தாழ 2,27,900 சவானா யானைகள் இருந்தன. போட்ஸ்வானாவில் மட்டும் 1,31,909. உலகில் எந்த நாட்டிலும் இத்தனை யானைகள் இல்லை.

மாலையில் சோபே ஆற்றில் படகில் போனோம். ஆற்றின் நடுவே செடுடு தீவு. நமீபியாவில் இதற்குக் கசிகிலி என்று பெயர். தீவு யாருடையது என்று இரண்டு நாடுகளும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999 டிசம்பரில் போட்ஸ்வானாவுக்கே என்று தீர்ப்பானது. இந்த வாரம் தீவின் பாதி வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. மிச்சமிருந்த புல்லை ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் யானை புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேறு போக முன்னங்காலில் நாலு அடி அடித்து, பிறகுதான் வாயில் வைத்தது. என் பாட்டி கீரைக்கட்டை அலசுவது இப்படித்தான்.

அந்தக் கூட்டத்தை நடத்தியது ஒரு கொம்பில்லாப் பிடி. படகோட்டி சுட்டிக் காட்டாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன், என் கண்ணுக்கு அதுதான் இயல்பான பிடியாகத் தெரிந்தது. அது தண்ணீரில் இறங்கியதும் மற்றவை ஒவ்வொன்றாக இறங்கின. குட்டிகள் நடுவில், தும்பிக்கை மட்டும் வெளியே தெரிய நீந்தின. எதிர்க்கரை நமீபியா. பத்து நிமிடத்தில் கரையேறிவிட்டன.

நேற்றிரவு தூக்கமில்லாமல் இந்தக் கொம்பின்மை பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைகள் கொம்புக்காகச் சுட்டு யானைகளில் பத்தில் ஒன்பதை அழித்துவிட்டன. கொம்பில்லாதவற்றைச் சுட யாரும் மெனக்கெடவில்லை. போருக்கு முன்பு கொம்பில்லாப் பிடிகள் 18.5 விழுக்காடு; போருக்குப் பின் 50.9 விழுக்காடு என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. கொம்பில்லாமல் பிறக்கச் செய்யும் மரபணுக் கூறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், ஆண் கருவுக்கு அது எமனாகிவிடுவதாகவும் அந்த ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதனால்தான் கொம்பில்லாக் களிறு இங்கே காணக் கிடைப்பதில்லை.

ஆக, கள்ள வேட்டைக்காரன் விட்டுவைத்த பிடியைத்தான் சட்ட வேட்டை "டிராபி அல்லாதது" என்று பெயரிட்டு மலிவு விலையில் விற்கிறது. கூட்டத்தை நீரில் இறக்கி, எந்த மாதம் எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கும் என்று நினைவு வைத்து, குட்டிகளை வளர்த்துவிடுகிற ஒருத்தி. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு யானை டிராபியா இல்லையா என்பதை அதன் கொம்பு மட்டும்தான் முடிவு செய்கிறது. யானை என்னவாக இருந்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

போட்ஸ்வானா 2014இல் வேட்டையை நிறுத்தி, 2019 மே மாதத்தில் மறுபடி அனுமதித்தது. நிறுத்தியபோது உலகம் கொண்டாடியது. மாமா அப்போது வடக்கே ஒரு கிராமப் பள்ளியில் இருந்தார். அவர் சொல்வதைக் கேட்டேன். வேட்டை முகாம்கள் மூடியதும் தடம் பார்ப்பவர்கள், தோல் உரிப்பவர்கள், சமையல்காரர்கள் என அவருடைய மாணவர்களின் அப்பாக்கள் பலர் வேலை இழந்தார்கள். படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணிகள் ஆறு ஓடும் இடத்துக்கு வருவார்கள், முள்ளும் மணலுமான அந்தக் காட்டுக்கு யாரும் வரவில்லை. யானை மட்டும் வந்தது. "என் வகுப்பில் ஒரு பையன், விடியற்காலையில் பள்ளிக்கு வரும் வழியில் யானை அவனைத் தள்ளிவிட்டது. பிழைத்துக்கொண்டான். அவனிடம் போய் நான் என்ன சொல்வேன்?" என்றார் மாமா. எனக்கும் பதில் இல்லை.

மூன்றாம் நாள்: கோமா பாலம் வழியாக நமீபியா

சோபே பூங்காவின் ஊடாகவே சாலை. கோமா பாலத்தைத் தாண்டினால் நமீபியாவின் சாம்பேசி மாநிலம். 2013 வரை கப்ரிவி என்று பெயர். கட்டிமா முலிலோவில் பெட்ரோல், ரொட்டி, தக்காளி வாங்கிக்கொண்டு மேற்கே கொங்கோலா வரை ஓட்டினோம். வழிநெடுக யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள்.

வழியில் மாமா மூன்று நாட்டுச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். ஜிம்பாப்வேயின் நிடெபெலே மொழியில் யானைக்கு இந்த்லோவு. போட்ஸ்வானாவின் செட்ஸ்வானாவில் ட்லோவ். இங்கே சிலோசி மொழியில் டோவ். நேற்று ஆற்றில் நீந்திய கூட்டத்துக்குப் பத்து நிமிடத்தில் பெயர் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது.

நான்காம் நாள்: கொங்கோலாவுக்கு அருகில்

நமீபியாவில் கிராமங்கள் சேர்ந்து எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, அரசிடம் பதிவு செய்தால் சமுதாயக் காப்பகம் ஆகலாம். 1996இல் சட்டம் வந்தது, 1998இல் முதல் காப்பகங்கள் பதிவாயின. பதிவான காப்பகத்துக்கு அதன் எல்லைக்குள் உள்ள வனவிலங்குகளிலிருந்து வருமானம் பெறும் உரிமை உண்டு. அப்படி ஒரு காப்பகத்தின் அலுவலகத்தில்தான் இன்று பகல் முழுதும் இருந்தேன். தகரக் கூரை, இரண்டு அறை, சுவரில் சுண்ணாம்பு.

ஒரு சுவரில் அந்த ஆண்டின் ஒதுக்கீட்டுத் தாள் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் விலங்குகளின் பெயர். மேலே கட்டங்கள்: டிராபி, சொந்தப் பயன்பாடு, சுட்டு விற்பது, உயிருடன் பிடித்து விற்பது. ஒவ்வொரு கட்டத்திலும் அமைச்சகம் அனுமதித்த எண். யானைக்கு நேரே டிராபிக் கட்டத்தில் ஒரு எண், சொந்தப் பயன்பாட்டுக் கட்டத்தில் வேறொரு எண். சொந்தப் பயன்பாடு என்றால் ஊராரின் கறிக்காகச் சுடுவது. அதையும் வெளிநாட்டவர் ஒருவர் பணம் கட்டிச் சுடலாம், ஆனால் கொம்பு அரசுடையது, நாட்டை விட்டுப் போகாது. அதனால் கட்டணம் குறைவு. டிராபி யானையின் கறியும் ஊருக்குத்தான் வரும். ஊருக்கு இரண்டிலும் கறி உண்டு, வித்தியாசம் பணத்தில். டிராபிப் பணத்தில்தான் காவலர்களின் சம்பளம் போகிறது.

நாடு முழுமைக்கும் நமீபியா ஆண்டுக்கு அதிகபட்சம் 90 யானைகளின் 180 கொம்புகளை டிராபியாக அனுப்பலாம். குண்டின் ஆற்றல் 5,400 ஜூலுக்குக் குறையக்கூடாது. அம்பு எய்து யானையைக் கொல்ல அனுமதி இல்லை.

விதிகளை விட எனக்கு அங்கே பிடித்தது ஒரு புத்தகம். காப்பகக் காவலர் ஒவ்வொருவரிடமும் ஒரு நிகழ்வுப் புத்தகம் இருக்கிறது. எங்கே எந்த விலங்கு எந்தத் தோட்டத்தில் புகுந்தது, எந்த மாட்டைச் சிங்கம் அடித்தது, எங்கே கண்ணி கிடைத்தது என்று தேதி போட்டு எழுதுவார். மாதக் கடைசியில் ஒரு நிகழ்வுக்கு ஒரு கட்டமாகப் பென்சிலால் தீட்டிச் சுவரில் ஒட்டுவார். கணினி வேண்டாம், எழுத்துத் தெரியாதவர்களும் தூரத்திலிருந்து பார்த்தால் எந்த மாதம் எவ்வளவு என்று புரியும். மார்ச், ஏப்ரல் இரண்டும் உயரமாக நின்றன. எங்கள் ஊருக்கு இப்படி ஒரு படம் வரைந்தால் டிசம்பரும் ஜனவரியும் அப்படித்தான் நிற்கும்.

காவலரிடம் கேட்டேன்: தோட்டத்தில் புகுந்தது களிறா, பிடியா, கொம்பு உள்ளதா இல்லாததா என்று எழுதுவீர்களா? பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "டோவ்" என்று மட்டும் இருந்தது. எத்தனை என்ற எண், எவ்வளவு சேதம், யாருடைய நிலம். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: ஒரு யானை

விடியுமுன் காவலர் வந்து கதவைத் தட்டினார். முந்தின நாள் மாலை ஒரு யானை சுடப்பட்டிருக்கிறது, சொந்தப் பயன்பாட்டு ஒதுக்கீட்டில், இன்று பங்கீடு, பார்க்க விரும்பினால் வரலாம் என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு முடியாது என்றால் வேண்டாம் கண்ணு." போகாமல் இருந்தால் இதைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. போனோம்.

நாங்கள் போய்ச் சேரும் முன்பே நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெண்கள் எனாமல் பேசின்களோடு, பையன்கள் கோடாரிகளோடு. ஊர்த் தலைவரை இங்கே இந்துனா என்கிறார்கள். அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். சுட்டவர் இல்லை. இரவே முகாமுக்குத் திரும்பிவிட்டாராம்.

களிறு இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பாதி உரித்திருந்தார்கள். நான் முதலில் பார்த்தது அதன் பாதத்தை. உள்ளங்காலில் வறண்ட ஏரியின் வெடிப்புப் போலக் கோடுகள், அதன் நடுவே ஒரு முள் முறிந்து புதைந்திருந்தது. கண் இமையின் மயிர் என் விரல் நீளம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் மின்வேலியில் மாட்டிச் செத்த ஒரு யானைக்கு ஊரே மஞ்சள் தெளித்துக் கும்பிட்டது நினைவுக்கு வந்து, இங்கே என் கையில் எதுவும் இல்லாததால் கொஞ்சம் மண்ணைத் தொட்டு அதன் நெற்றியில் வைத்தேன். ஒரு மூதாட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் சொல்லவில்லை.

கொம்பை எடுப்பது தனி வேலை. கொம்பின் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியாமல் மண்டையோட்டுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள எலும்பு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கோடாரி கொம்பில் பட்டுவிடாமல் அந்த எலும்பைச் செதில் செதிலாகச் செதுக்கி எடுக்க வேண்டும். இரண்டு பேர் மாறி மாறிச் செய்தார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வெளியே வந்ததும் அடிப்பகுதியின் குழியிலிருந்து வெளிர்ச் சிவப்பில் கூம்பு வடிவச் சதை ஒன்றை உருவினார்கள். அதுதான் கொம்பின் நரம்பு. அதை ஒருவர் இலையில் சுற்றித் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, சுட்டவர் கண்ணில் அது படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார்.

இரண்டு கொம்பும் ஒரே நீளம் இல்லை. வலது கொம்பு நான்கு விரற்கடை குட்டை, முனை மழுங்கித் தேய்ந்திருந்தது. பட்டை உரிக்கவும் கிழங்கு தோண்டவும் அந்தப் பக்கத்தையே பழக்கியிருக்கிறது. நமக்கு வலக்கை போல.

அமைச்சகத்துக்காரர் ஒருவர் தொங்கு தராசும் அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தார். கொம்பை எடை பார்த்து, அழியாத மையால் அதன் மேலேயே எழுதினார்: நாட்டின் இரண்டெழுத்துக் குறி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அந்த ஆண்டின் வரிசை எண், கிலோவில் எடை. சைட்டிஸ் நடைமுறை இது. டிராபியாக வெளிநாடு போகிற கொம்புக்கும் இதே முறையில்தான் குறி போடுவார்களாம். பிறகுதான் பாதை பிரிகிறது. டிராபியாக இருந்தால் ஏற்றுமதி அனுமதி, போகிற நாட்டின் இறக்குமதி விதி என்று தொடரும். அமெரிக்கா என்றால் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு யானை டிராபிகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது, அந்த வேட்டையால் யானை இனத்துக்கு நன்மை உண்டு என்றும் காட்ட வேண்டும். இந்தக் கொம்புகளுக்கு அதெல்லாம் இல்லை. கோணியில் சுற்றி, அரசு வண்டியின் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். சர்வதேச விதியில் டிராபி என்பதற்குக் கொம்பின் அளவு கணக்கே இல்லை. வேட்டையாடியவர் தன் சொந்த உபயோகத்துக்கென்று சட்டப்படி பெற்றது எதுவானாலும் டிராபிதான். இந்தக் கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்திருந்தாலும் டிராபி ஆகியிருக்காது, சீட்டில் அப்படி எழுதவில்லை என்பதால்.

பத்து மணிக்குக் கறி பிரியத் தொடங்கியது. கையளவு அகலத்தில் நீள நீளமாக அறுத்து, உப்புத் தடவி, கிளைகளில் தொங்கவிட்டார்கள். அடுத்தவர் பங்கைப் பற்றிச் சண்டை எதுவும் இல்லை. இந்துனா பெயர் சொல்லச் சொல்லப் பெண்கள் போய் வாங்கினார்கள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டியின் முறை கடைசியில் வந்தது. நிறைந்த பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய நிலம். மகாங்கு என்று இவர்கள் சொல்வதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அது நம் கம்பு! அதே கதிர், அதே தட்டை. ஒரு மூலையில் மட்டும் கதிர் நின்றது. மீதி எல்லாம் மிதிபட்டு, வேரோடு பிடுங்கிப் போட்டு, காய்ந்து கிடந்தது. போன மாதம் இரண்டு இரவுகளில் நடந்ததாம். வேலி ஓரத்தில் மிளகாய்த் தூளையும் யானைச் சாணத்தையும் பிசைந்து வெயிலில் காயவைத்த கட்டிகள் இருந்தன. இரவில் இவற்றைக் கொளுத்திப் புகை போடுவார்கள், யானைக்கு நெடி பிடிக்காது. அன்று காற்று மாறி அடித்ததால் புகை வீட்டுக்குள் வந்ததே தவிர யானையிடம் போகவில்லை என்றார்.

இன்று சுடப்பட்ட யானைதான் அன்று வந்ததா என்று கேட்டேன். காவலர் மொழிபெயர்த்தார். மூதாட்டி சிறிது நேரம் யோசித்துவிட்டு, அன்று வந்தவை குட்டிகளோடு வந்த தாய்கள், இது வேறு என்றார்.

காவலரிடம் பிறகு தனியாகப் பேசினேன். பயிரைத் தின்றவை பிடிகள், ஒதுக்கீட்டில் சுடப்படுவது களிறு என்றால் இதில் யாருக்கு என்ன தீர்வு? பயிரைக் காப்பது ஒதுக்கீட்டின் வேலை இல்லை, காப்பகத்துக்குப் பணமும் கறியும் வருவதுதான் அதன் வேலை என்றார். தொல்லை கொடுத்த யானை என்பது தனி வகை, அதை அமைச்சகம்தான் அறிவிக்க வேண்டும், அதற்குத் தனிச் சீட்டு. ஆனால் அந்த இரண்டு வகையும் கலந்துவிடுவது உண்டு. 2019இல் மேற்கு நமீபியாவில் ஃபூர்ட்ரெக்கர் என்று பெயர் பெற்ற வயதான பாலைக் களிறு தொல்லை விலங்காக அறிவிக்கப்பட்டு, பணம் கட்டிய வேட்டைக்காரருக்கு அனுமதி விற்கப்பட்டது. தொல்லை கொடுத்தது அந்த யானைதானா என்ற சண்டை இன்றைக்கும் தீரவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேட்டையே கூடாது என்று ஊரிலிருந்து கிளம்பும்போது உறுதியாக இருந்தேன். இன்று அந்தப் பேசினைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் எதைச் சுடலாம் என்று வகை பிரிக்கிற முறையில் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. டிராபிக்கு மிக வயதான, மிகப் பெரிய கொம்புள்ள களிறு வேண்டும். "அது எப்படியும் சாகப் போகிற கிழம்" என்று நியாயம் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பெர்க் பூங்காவில் 1990களில் பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த இளங்களிறுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் குரூகர் தேசியப் பூங்காவிலிருந்து ஆறு பெரிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும் இளசுகளின் மதம் அடங்கிக் கொலை நின்றது. கிழவனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கொம்பில்லாப் பிடிக்கு அதைவிட அதிக வேலை. ஒதுக்கீட்டுத் தாளில் கட்டம் போடுகிறவர்கள் கொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த யானை கூட்டத்துக்கு யார் என்று கேட்டுக் கட்டம் போட முடியாதா? தடம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

ஆறாம் நாள்: புவாப்வட்டா வழியாக திவுண்டு

குவாண்டோ ஆற்றைத் தாண்டியதும் புவாப்வட்டா தேசியப் பூங்கா. கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர், அம்பு விட்டது போல நேர்ச் சாலை. பூங்காவுக்குள்ளேயே மக்கள் வாழ்கிறார்கள், வேட்டைக்கான பகுதியும் இருக்கிறது. இரண்டு இடத்தில் யானைகள் கடப்பதற்காக நின்றோம்.

திவுண்டு போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன். நான்கு வகை, ஒதுக்கீட்டுத் தாள், கொம்பில் எழுதும் எண் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மிளகாய்க் கட்டி பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார்: சாணம் எவ்வளவு, தூள் எவ்வளவு, எத்தனை நாள் காய வேண்டும், மழையில் நனைந்தால் எரியுமா? எனக்கு அளவு தெரியவில்லை. மாமாவிடம் சொல்லி, காவலரின் எண்ணுக்கு அழைத்து, மூதாட்டியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இரவுக்குள் பதில் வரும் என்றார்.